ஏழாம் அத்தியாயம்: பழைய ஸ்போர்ட்ஸ் பைக்கை வாங்குவதும் செப்பனிடுவதும்

ஸ்போர்ட்ஸ் பைக் என்று பெயர் பெற்ற இந்த ஜாதி வண்டியை வாங்குகிறவர் ஆசையினால் வாங்குகிறார். விற்கிறவரோ பெரும்பாலும் அலுப்பினால் விற்கிறார். கல்லூரி நாட்களில் வீட்டாரை ஓயாமல் நச்சரித்து வாங்கிய வண்டி, உத்தியோகம் கிடைத்துத் தினந்தோறும் நெரிசலில் முன்புறம் குனிந்தபடியே ஊர்ந்து போக நேர்ந்ததும் மணிக்கட்டு வலியாகவும், விவாகம் ஆனதும் அந்தப் பின்னிருக்கையில் ஏற மாட்டேன் என்று சொல்லும் மனைவியின் பிடிவாதமாகவும் உருவெடுத்து, வீட்டு வாசலில் தார்ப்பாய்க்கு அடியில் ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ சும்மா நின்று, கடைசியில் புரோக்கர் சொன்ன விலைக்கே போய்விடுகிறது. சொற்பப் பணத்தில் நல்ல யந்திரம் வேண்டும் என்பவருக்கு இதைக் காட்டிலும் அனுகூலமான சந்தர்ப்பம் கிடையாது. ஆனால் அதே சந்தையில்தான் விழுந்து வளைந்த வண்டியும், களவு போன வண்டியும், சூடேறி எஞ்சின் பிடித்துக்கொண்ட வண்டியும் புதுப் பெயின்டு பூசிக்கொண்டு நிற்கின்றன.

எந்த வண்டியை மனத்தில் வைத்துப் பேசுகிறோம் என்பதைத் திட்டமாகச் சொல்லாமல் யோசனை கூறுவது வாசகருக்குப் பயன்படாது. ஆகையால் இந்த அத்தியாயத்துக்கு யமஹா ஆர்15 வண்டியை, அதிலும் 2008ஆம் ஆண்டு இந்தியாவில் வெளியான முதல் மாதிரியையும் 2011இல் வந்த இரண்டாம் மாதிரியையும் உதாரணமாகக் கொள்கிறேன். 149.8 சி.சி. கொள்ளளவும், தண்ணீரால் குளிரும் அமைப்பும், கார்புரேட்டருக்குப் பதிலாக ஃப்யூவல் இன்ஜெக்‌ஷனும், ஆறு கியர்களும் கொண்டு, நிமிஷத்துக்கு 8,500 சுற்றில் ஏறத்தாழ 17 குதிரைத் திறன் தரும் இந்த எஞ்சின், அளவில் சிறியதானாலும் நியாயமாகப் பராமரிக்கப்பட்டால் நெடுநாள் உழைப்பது. கவாஸாகி நிஞ்ஜா 250ஆர், ஹோண்டா சி.பி.ஆர். 250ஆர் ஆகியவையும் பழைய விலையில் மலிவாகவே அகப்படுகின்றன. ஆனால் வண்டியின் விலைதான் குறைகிறதே தவிர, உதிரிப் பாகங்களின் விலை குறைவதில்லை என்பதை முதல் சர்வீஸ் பில் வந்தவுடனே தெரிந்துகொள்ளலாம். எளிமைதான் பிரதானம் என்று நினைக்கிறவர், காற்றினால் குளிர்ந்து கார்புரேட்டரில் ஓடும் 223 சி.சி. ஹீரோ ஹோண்டா கரிஸ்மாவைத் தேடலாம். தெருமுனைப் பட்டறையிலேயே அதைப் பிரித்துப் பூட்டிவிடுவார்கள்.

கையில் இருக்கும் பணத்தில் மூன்றில் ஒரு பங்கைச் செப்பனிடுவதற்கென்று தனியாக எடுத்து வைத்துவிட்டு, எஞ்சிய தொகைக்குள் வண்டியைத் தேட வேண்டும் என்பது என் அபிப்பிராயம். முழுப் பணத்தையும் விலையாகக் கொடுத்துவிட்டவர், தேய்ந்த டயரோடும் பிடிக்காத பிரேக்கோடும் அடுத்த மாதச் சம்பளம் வரும்வரை ஓட்டிக்கொண்டிருப்பார். அந்த ஒரு மாதம்தான் அபாயமானது.

இப்படித் தேடுகிறபோது எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்பட வேண்டியதில்லை என்ற விவேகம் முதலில் வேண்டும். கீறல் விழுந்த ஃபேரிங், வெளுத்துப்போன டேங்க், கிழிந்த சீட், உடைந்த இன்டிகேட்டர், தேய்ந்த செயின் இவையெல்லாம் விலையைக் குறைப்பதற்கு விற்பவரே நமக்குச் செய்து வைத்திருக்கும் உபகாரம். பணம் கொடுத்தால் மாற்றிவிடலாம். பணம் கொடுத்தும் சுலபத்தில் மாற்ற முடியாதவை மூன்று: வண்டியின் காகிதங்கள், அதன் சேசிஸ், எஞ்சினின் சிலிண்டர். இந்த மூன்றும் சரியாக இருந்து மற்றவையெல்லாம் அலங்கோலமாக இருக்கும் வண்டியைத் தைரியமாக வாங்கலாம். இந்த மூன்றில் ஒன்று பழுதாக இருந்து மற்றவையெல்லாம் பளபளவென்று மின்னினாலோ, கும்பிட்டுவிட்டு வந்துவிட வேண்டியதுதான். மாட்டுச் சந்தையில் அனுபவசாலி எவனும் கொம்பில் பூசிய வர்ணத்துக்கு விலை பேசுவதில்லை. வாயைத் திறந்து பல்லைப் பார்த்த பிறகே துண்டுக்குள் கையை விடுகிறான்.

காகிதங்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் ஏமாறுகிறவர்களில் அநேகர் எஞ்சினில் ஏமாறுவதில்லை, ஆர்.சி.யில் ஏமாறுகிறார்கள். சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். 2008இல் பதிவான ஆர்15க்கு 2023இலேயே அந்தக் கெடு முடிந்துவிட்டபடியால், அதற்குப் பின் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வண்டியைக் காட்டிப் பசுமை வரியும் கட்டி ஐந்தாண்டுகளுக்குப் புதுப்பித்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். புதுப்பிக்காத வண்டியைச் சாலையில் ஓட்டிப் பார்ப்பதுகூடச் சட்டப்படி குற்றம். பரிவாஹன் தளத்தில் வண்டி எண்ணைக் கொடுத்தால் பதிவு செல்லும் தேதி, இன்சூரன்ஸ், ஃபைனான்ஸ் கடன் முதலிய விவரங்கள் தெரிந்துவிடும். போலீஸ் அபராதம் பாக்கி இருந்தால் அதையும் அங்கேயே பார்த்துக்கொள்ளலாம். கடன் அடைந்துவிட்டது என்று விற்பவர் வாயால் சொன்னால் போதாது. ஃபைனான்ஸ் கம்பெனியின் என்.ஓ.சி.யும் அவர்கள் கையெழுத்திட்ட படிவம் 35ம் கைக்கு வர வேண்டும்.

கைமாற்றத்துக்கு வேண்டிய படிவங்கள் 29, 30 ஆகிய இரண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆம் பிரிவு, ஒரே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாட்களுக்குள்ளும் வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. ஆனால் நடைமுறையில், முதல் சொந்தக்காரர் வெறும் படிவங்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட, அந்தக் காகிதம் வண்டியோடு சேர்ந்து மூன்று நான்கு கைகள் மாறி, தேதி போடப்படாமல் மஞ்சளேறி வந்து நிற்பதைப் பழைய வண்டிக் கடைகளில் சர்வசாதாரணமாகக் காணலாம். அப்படிப்பட்ட வண்டியை, ஆர்.சி.யில் பெயர் உள்ளவரை நேரில் பார்க்காமலும் அவருடைய அடையாள அட்டையை ஒத்துப் பார்க்காமலும் வாங்கக் கூடாது. விற்கிறவருக்கும் இதில் அக்கறை இருக்க வேண்டும்: பெயர் மாறாத வரையில், விபத்து நேர்ந்தால் நஷ்ட ஈட்டுக்குப் பதிவில் உள்ளவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தெளிவாகவே தீர்ப்பளித்திருக்கிறது. கர்நாடகப் பதிவு, புதுச்சேரிப் பதிவு வண்டிகள் விலையில் கவர்ச்சியாக இருக்கும். படிவம் 28இன்படி அங்கிருந்து என்.ஓ.சி. வாங்கி, இங்கே வரி கட்டி, புது எண் பெறுவதற்குள் அந்தக் கவர்ச்சி கரைந்துவிடும். அப்புறம் ஹேண்டில் பாரைத் தாங்கும் தலைப் பகுதியில் பொறித்திருக்கும் சேசிஸ் நம்பரையும், எஞ்சின் பெட்டியில் உள்ள நம்பரையும் துணியால் துடைத்து, ஆர்.சி.யோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பார்க்க வேண்டும். எழுத்துகள் ஏறுமாறாகவோ, சுற்றிலும் அரம் தேய்த்த தடமாகவோ இருந்தால் மேற்கொண்டு ஒரு கேள்வியும் வேண்டாம்.

அடுத்தது சேசிஸ். ஆர்15இன் டெல்டாபாக்ஸ் சேசிஸ், எஃகுத் தகட்டை அழுத்தி வடித்துப் பற்றவைத்த பெட்டி போன்ற அமைப்பு. சாதாரணக் குழாய்ச் சேசிஸை நெருப்பு காட்டி நிமிர்த்துவதுபோல் இதை நிமிர்த்த முற்படுவது வீண் வேலை. முன்னால் மோதிய வண்டியில் தலைப் பகுதியின் பற்றவைப்பு ஓரங்களில் பெயின்டு மயிரிழையாக வெடித்திருக்கும், அல்லது அந்த இடத்தில் மட்டும் பெயின்டு புதிதாக இருக்கும். ஹேண்டில் பாரை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, அது போய் முட்டி நிற்கும் ஸ்டாப்பரைப் பார்த்தால், பலமாக விழுந்த வண்டியில் அது நசுங்கியோ உடைந்தோ இருப்பது தெரியும். ஃபேரிங்கை மாற்றுகிறவர்கள்கூட இந்தச் சிறிய இரும்புத் துண்டை மறந்துவிடுகிறார்கள்.

இவற்றைவிட நிச்சயமான சோதனைக்கு ஒரு நூல் கண்டு போதும். வண்டியை ஸ்டாண்டில் நேராக நிறுத்தி, பின்டயரின் இரு பக்கங்களையும் உரசும்படி, பூமியிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நூலைச் சுற்றி முன்புறம் இழுத்துப் பிடித்தால், பின்டயரைவிட முன்டயர் ஒல்லியானது என்பதனால் முன்டயருக்கும் நூலுக்கும் இடையே இரு பக்கமும் சமமான சந்து இருக்க வேண்டும். முதல் மாதிரியில் முன்டயர் 80 மில்லிமீட்டரும் பின்டயர் 100 மில்லிமீட்டரும் அகலம் உடையவையாதலால் பக்கத்துக்கு ஏறத்தாழ 10 மில்லிமீட்டரும், 90க்கு 130 என்ற கணக்கில் டயர் போட்ட இரண்டாம் மாதிரியில் ஏறத்தாழ 20 மில்லிமீட்டரும் சந்து வரும். ஒரு பக்கம் நெருக்கியும் மறு பக்கம் விலகியும் இருந்தால், முதலில் செயின் அட்ஜஸ்டர் இரு புறமும் ஒரே கோட்டில் இருக்கிறதா என்று பார்த்து, அதைச் சரி செய்த பிறகும் கோணல் தீராவிட்டால், வளைந்திருப்பது ஃபோர்க்கோ சேசிஸோ என்று தீர்மானிக்கும் வேலையை அடுத்த ஏமாளிக்கு விட்டுவிடலாம்.

எஞ்சினைச் சோதிக்கப் போகும் நேரத்தை விற்பவருக்கு முன்னதாகவே தெரிவித்துவிட்டு, நாம் வருகிறவரை வண்டியை ஸ்டார்ட் செய்யக் கூடாது என்றும் சொல்லிவிட வேண்டும். போனவுடன் எஞ்சினைத் தொட்டுப் பார்ப்பது அநாகரிகமல்ல; சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் வெளிப்படும் ஏதோ ஒரு குற்றத்தை மறைத்திருக்கிறார் என்று அர்த்தம். சாவியைத் திருப்பியதும் மீட்டரில் எஞ்சின் எச்சரிக்கை விளக்கு ஒரு கணம் எரிந்து அணைய வேண்டும், பெட்ரோல் பம்பு இரண்டொரு விநாடி முனக வேண்டும். விளக்கு எரியவே இல்லையென்றால் கோளாறு இல்லை என்று சந்தோஷப்படுவது பேதைமை. அதை யாரோ குருடாக்கியிருக்கிறார்கள். ஸ்டார்ட் ஆனதும் டைமிங் செயின் கடகடவென்று அடித்துச் சூடேறிய பிறகும் ஓயாதிருந்தால் அதற்கொரு செலவு உண்டு. காலைக் குளிரில் சைலன்சரில் சிறிது நேரம் வெண்மையாக நீராவி வருவது சகஜம். அந்த வெண்புகை நிற்காமல் இனித்த வாடையோடு வந்தால் கூலன்ட் எரிகிறது, நீலமாக வந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது. ஆக்ஸிலரேட்டரை முறுக்குகிறபோதெல்லாம் நீலப் புகை வந்தால் பிஸ்டன் ரிங்கையும், விட்டுவிட்டு மறுபடி முறுக்குகிற தருணத்தில் மட்டும் வந்தால் வால்வு சீலையும் சந்தேகிக்கலாம்.

இந்த வித்தியாசம் ஆர்15இல் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், இதன் சிலிண்டருக்குள் மற்றச் சாதாரண வண்டிகளில் உள்ளதுபோன்ற இரும்பு ஸ்லீவ் கிடையாது. ஏறத்தாழ 20 சதவிகிதம் சிலிக்கான் கலந்த அலுமினியத்தில் வார்த்து, அந்தச் சிலிக்கானின் கடினத்தையே பிஸ்டன் உராயும் சுவராகக் கொண்ட, டயாசில் என்று யமஹா பெயரிட்ட அமைப்பு அது. சூட்டைச் சீக்கிரம் வெளியேற்றும், தேய்மானமும் குறைவு. ஆனால் கூலன்ட் வற்றிப்போய் ஒருமுறை பிஸ்டன் பிடித்துச் சுவர் கீறிவிட்டால், பழைய வண்டிகளுக்குச் செய்வதுபோல் லேத் பட்டறையில் கொடுத்து போர் பண்ணி, ஒரு சைஸ் பெரிய பிஸ்டன் போட்டு ஓட்டும் வழி இங்கே இல்லை. சிலிண்டரும் பிஸ்டனும் சேர்ந்த புது செட்தான் போட வேண்டும். உள்ளே இரும்பு ஸ்லீவ் இறக்கித் தருகிறோம் என்று முன்வருகிற பட்டறைகள் உண்டு. மலிவாகத்தான் முடியும், எந்தக் குணத்துக்காக இந்த எஞ்சினைத் தேடி வாங்கினோமோ அந்தக் குணம் போய்விடும். ஆகவே ரேடியேட்டர் மூடியை, எஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருக்கும்போது மட்டுமே திறந்து, உள்ளே இருப்பது நிறமுள்ள கூலன்ட்தானா, துருவேறிய பழுப்புத் தண்ணீரா என்று பாருங்கள். ஆயில் ஊற்றும் மூடியின் உட்புறத்தில் பால் ஏடு போன்ற படிவு இருந்தால் தண்ணீர் ஆயிலில் கலக்கிறது. ரேடியேட்டர் ஃபேனுக்குத் தனியாக ஒரு ஸ்விட்ச் வைத்து வயர் இழுத்திருந்தால், தானாக ஓட வேண்டிய ஃபேன் ஓடவில்லை என்பதையும், அந்த உண்மை தெரிவதற்குள் எஞ்சின் எத்தனை தடவை கொதித்திருக்கும் என்பதையும் ஊகித்துக்கொள்ளலாம்.

மீட்டர் காட்டும் கிலோமீட்டரை நான் பொருட்படுத்துவதில்லை. டிஜிட்டல் மீட்டரை மாற்றிவிடுவது எளிது. ஃபுட்ரெஸ்டின் ரப்பர், பிரேக் டிஸ்கின் ஓரத்தில் எழுந்த விளிம்பு, சாவியின் தேய்மானம் ஆகியவற்றை மாற்ற யாரும் மெனக்கெடுவதில்லை.

ஓட்டிப் பார்க்கும்போது வேகம் அவசியமே இல்லை. காலியான சாலையில் மிதமாகப் போய்க்கொண்டே பிடியைத் தளர்த்தினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா, இரண்டாவது கியரில் முறுக்கும்போது நியூட்ரலுக்குக் குதிக்கிறதா, முன்பிரேக்கைப் பிடிக்கும்போது லீவர் துடிக்கிறதா என்ற மூன்றையும் கவனித்தால் போதும். பேரம் பேசும் கலையைப் புத்தகத்தில் கற்பிக்க முடியாது. கண்ட குறைகளை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் உதிரிப் பாகக் கடை விலையைப் போட்டு, அந்தத் தாளை விற்பவர் கையிலேயே கொடுத்துவிடுவது மட்டும் எனக்குத் தெரிந்த மரியாதையான முறை.

வண்டி வீடு வந்து சேர்ந்ததும், சைலன்சரை மாற்றலாமா, ஸ்டிக்கர் ஒட்டலாமா என்று மனம் அலைபாயும். அதை அடக்கி, நிற்பதற்கு வேண்டியதை முதலிலும், திரும்புவதற்கு வேண்டியதை அடுத்தும், ஓடுவதற்கு வேண்டியதை அதற்கப்புறமும் செய்ய வேண்டும். பிரேக்கில் பேடு மாற்றுவதோடு நின்றுவிடாமல், காலிப்பரைக் கழற்றி அதன் பின்கள் தாராளமாக நகர்கின்றனவா என்று பார்த்துச் சுத்தம் செய்து, டிஸ்கின் கனம் அதிலேயே பொறித்திருக்கும் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போய்விடவில்லை என்று உறுதி செய்துகொண்டு, பிரேக் ஆயிலை முழுவதும் வெளியேற்றிப் புதிய டாட் 4 ஆயில் ஊற்ற வேண்டும். அந்தத் திரவம் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் சுபாவம் உடையது. ஈரம் ஏறினால் கொதிநிலை இறங்கி, மலைப்பாதை இறக்கத்தில் தொடர்ந்து பிடிக்கும்போது ஆவிக் குமிழிகள் உண்டாகி, லீவர் கைப்பிடி வரைக்கும் வந்தும் வண்டி நிற்காது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதனால்தான்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் ஒரு நீள்வட்டத்துக்குள் இருக்கும். 2317 என்றிருந்தால் 2017ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது என்று பொருள். பள்ளம் நிறைய இருந்தாலும் ரப்பர் கிழடாகிக் காய்ந்த டயர் மழைச் சாலையில் பிடிக்காது. முதல் மாதிரிக்கு அகலமான பின்டயர் போட்டு அழகு பார்ப்பது இளைஞர்களிடையே ஒரு சம்பிரதாயமாகிவிட்டது. குறுகலான ரிம்மில் அகன்ற டயரைத் திணித்தால் அதன் முதுகு கூம்பி, வண்டி வளைவில் இறங்கத் தயங்குமே ஒழியப் பிடிப்பு கூடாது. முன்சக்கரத்தை உயர்த்தி ஹேண்டில் பாரை மெல்லத் திருப்பும்போது நட்டநடுவில் ஒரு பள்ளத்தில் விழுவதுபோல் பிடித்தால் கோன் செட் போய்விட்டது. ஃபோர்க்கில் ஆயில் கசிந்து முன் டிஸ்கின் மேல் வழியுமானால் சீல் மாற்றும் வரை வண்டியை எடுக்கவே கூடாது. பின்புற மோனோ ஷாக்கின் லிங்க் புஷ்களைப் பெரும்பாலான வண்டிகளில் விற்ற நாள் முதல் யாரும் பிரித்திருக்க மாட்டார்கள். பிரித்துக் கிரீஸ் வைத்துவிட்டால் வண்டி வயதில் பாதியைக் குறைத்துக்கொண்டதுபோல் நடந்துகொள்ளும்.

பிறகுதான் எஞ்சின். பழைய கூலன்டை வடித்து, சுத்தமான தண்ணீரால் அலசி, புதிய கூலன்டை டிஸ்டில்டு வாட்டரில் மட்டும் கலந்து ஊற்ற வேண்டும். போர்வெல் தண்ணீரின் உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழல்களில் படிந்து அடைத்துவிடும். சூடேறுகிறது என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடும் மெக்கானிக்குகள் சிலர் உண்டு. காய்ச்சல்மானியை உடைத்தால் காய்ச்சல் தீராது என்பதை அவர்களிடம் விவாதித்துப் பயனில்லை, புதிதாக ஒன்றை வாங்கிக் கையில் கொடுத்துப் பொருத்தச் சொல்வதே மேல். நெடுநாள் நின்ற வண்டியாயின், எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை ஈர்த்து டேங்கின் அடியில் துரு ஏற்றியிருக்கும். டேங்கைக் கழற்றி அலசாமல் இன்ஜெக்டரை மட்டும் சுத்தம் செய்தால் ஒரு வாரத்தில் மறுபடி அடைத்துக்கொள்ளும். எஞ்சின் ஆயில் டப்பாவில் ஜாசோ எம்.ஏ. என்ற தரக்குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். இந்த வண்டியில் கிளட்ச் பிளேட்டுகளும் அதே ஆயிலில்தான் நனைந்திருப்பதால், கார்களுக்கென்று வழுவழுப்பு மிகுதியாகச் சேர்த்த ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். செயினைப் பின் ஸ்ப்ராக்கெட்டின் கடைசிப் பல்லருகே பிடித்து இழுத்துப் பாருங்கள். பாதிப் பல் வெளியே தெரிந்தால் செயினையும் இரண்டு ஸ்ப்ராக்கெட்டுகளையும் சேர்த்தே மாற்றுங்கள். முந்தைய சொந்தக்காரர் ஆசையாய்ப் பூட்டிய அலாரம், இரட்டை ஹாரன், வர்ண விளக்கு முதலியவற்றின் வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, கம்பெனி வயரிங்கை யதாஸ்தானத்தில் கொண்டுவந்தாலே மின்சாரக் கோளாறுகளில் அநேகம் மறைந்துவிடும். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 14 வோல்ட் அளவுக்கு வருமானால் சார்ஜிங் சரி.

உதிரிப் பாகங்களுக்காகச் சென்னைவாசிகள் புதுப்பேட்டைக்குப் போவது இயற்கை. கண்ணாடி, ஃபுட்ரெஸ்ட், ஃபேரிங் துண்டு, சீட் ஆகியவற்றை அங்கே பாதி விலைக்கும் குறைவாக வாங்கலாம். பிரேக் சம்பந்தப்பட்டதையும் ஃபோர்க்கையும் சக்கரத்தையும் பழையதாக வாங்க வேண்டாம். எந்த விபத்திலிருந்து கழற்றியது என்பது கடைக்காரருக்கே தெரியாது. நம்பர் பொறித்த எஞ்சின் பெட்டியை பில் இல்லாமல் வாங்குவதோ, போலீஸ் நிலையத்துக்கு நாமாகவே வழி தேடிக்கொள்வதாகும். விற்பவரிடம் கம்பெனி சைலன்சர் இருக்கிறதா என்று வாங்கும்போதே கேட்டு எடுத்து வந்துவிடுங்கள். ஊர் அதிரும் சைலன்சர், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிற மாற்றங்களில் அடங்குவதோடு, பதிவு புதுப்பிக்கும் நாளில் வண்டியைத் திருப்பி அனுப்பவும் காரணமாகும்.

இவ்வளவும் முடிந்த பின்னும் ஃபேரிங்கைப் பூட்டாமல், ஐந்நூறு கிலோமீட்டர் வரை நிதானமான வேகத்தில் ஓட்டி, கூலன்ட் மட்டம் இறங்குகிறதா, எங்காவது ஆயில் கசிகிறதா, நட்டுகள் தளர்ந்தனவா, புதுச் செயின் தொய்ந்ததா என்று அவ்வப்போது குனிந்து பார்த்துக்கொண்டே வர வேண்டும். ஃபேரிங் இருந்தால் கசிவு கண்ணுக்குத் தெரியாது. தெரிகிற சமயத்தில் சிலிண்டர் போயிருக்கும். அந்தத் தூரத்தை வண்டி குறையின்றிக் கடந்த பிறகு டிங்கரிங், பெயின்டு வேலைகளுக்குக் கொடுக்கலாம். நிறத்தை மட்டும் மாற்றாதிருப்பது நல்லது. மாற்றித்தான் தீர வேண்டுமென்றால், ஆர்.சி.யில் பழைய நிறமே எழுதியிருக்குமாதலால், பெயர் மாற்றத்துக்குப் போகும்போதே நிற மாற்றத்துக்கும் சேர்த்து விண்ணப்பித்துவிட்டால் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு இரண்டாவது தடவை அலைய வேண்டியதில்லை.